கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள்



பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாளில் நம் நாட்டுத் தந்தையர் ஆசிரியரிடம் வழிவழியாகச் சொல்லி வந்த வாசகம் ஒன்று உண்டு. "ஐயா, கண் இரண்டையும் மட்டும் விட்டுவிடுங்கள், மற்றபடி தோலை உரித்தாலும் நான் ஏன் என்று கேட்கமாட்டேன்" என்பதே அது. உங்களுள் முதியவர்கள் பலரும் இதைக் கேட்டிருப்பீர்கள். சிலர் சொல்லியும் இருப்பீர்கள்.

1958ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் என் தந்தையாரும் இதைச் சொன்னார். எங்கள் ஊர் நாகரசம்பட்டி. அன்று அது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1965இல் தருமபுரி மாவட்டத்துக்குப் போயிற்று. 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு வந்தது. ஊர் இருந்த இடத்தில்தான் இருந்தது, மாவட்டம்தான் மாறிக்கொண்டே வந்தது. பள்ளியில் என் வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொன்னார்கள். தொட்டுவிட்டேன். ஆகவே ஐந்து வயது நிரம்பியவன் என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள். தந்தையார் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகூப்பி நின்று, மேற்சொன்ன வாசகத்தைச் சொன்னார். ஆசிரியர் நல்லவர். சிரித்துக்கொண்டே என் தலையைத் தடவி உள்ளே அனுப்பினார். ஆனால், எனக்கு அன்று தெரிந்தது ஒன்றுதான்: இனி என் கண்கள் மட்டுமே எனக்குச் சொந்தம்.

அந்த வாசகத்தின் வரலாற்றைச் சிறிது ஆராய்ந்து பார்ப்பதும், இன்றைய சட்டம் பெற்றோரிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதைச் சொல்வதுமே இந்தப் பேச்சின் நோக்கமாகும்.

முதலில் திண்ணைப் பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே தண்டனைகள் கடுமையானவை. கோதண்டம் என்று ஒன்று இருந்தது. கூரையிலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பையன் அந்தரத்தில் ஊசலாட வேண்டும். கீழே இறங்கினால் பிரம்பு காத்திருக்கும். இத்தகைய இடத்துக்குப் பிள்ளையை அனுப்பிய தாய் தந்தையர் இரக்கமற்றவர்களா என்றால், இல்லை. திண்ணை என்பது தெருவை நோக்கித் திறந்திருப்பது. தண்ணீர்க் குடத்தோடு போகும் தாயும், ஏரோட்டிச் செல்லும் மாமனும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே போவார்கள். அடி எல்லை மீறினால், "போதும், விடுங்கள் ஐயா" என்று சொல்ல ஒரு பாட்டியாவது எதிர்வீட்டில் இருப்பாள். வாயால் முழு உரிமையையும் கொடுத்தவர்கள் பார்வையால் பாதியைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

பின்னர்ப் பள்ளி திண்ணையை விட்டுக் கட்டடத்துக்குள் போயிற்று. சுற்றுச்சுவரும் வாயிற்கதவும் மணியும் வந்தன. இவை எல்லாம் நன்மைக்கே வந்தவை. ஆயினும் தெருவின் பார்வை வெளியே நின்றுவிட்டது. பழைய வாசகம் மட்டும் அப்படியே உள்ளே நுழைந்தது.

இது நம் நாட்டுப் பழக்கம் மட்டுமன்று. இங்கிலாந்தின் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் 1765இல் வெளியிட்ட நூலில், தந்தை தம் அதிகாரத்தின் ஒரு பகுதியை ஆசிரியரிடம் ஒப்படைக்கலாம் என்றும், ஆசிரியர் அப்போது பெற்றோரின் இடத்தில் நிற்கிறார் என்றும் எழுதினார். அந்தக் கருத்து கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 89ஆம் பிரிவு, 12 வயதுக்குக் குறைந்த குழந்தையின் நன்மைக்காகக் காப்பாளரோ, காப்பாளரின் இசைவுடன் பிறரோ நல்லெண்ணத்துடன் செய்யும் செயல் குற்றமாகாது என்றது. பிரம்பெடுத்த ஆசிரியர்கள் பலரும் நீதிமன்றத்தில் இந்தப் பிரிவின் நிழலில் ஒதுங்கினார்கள். இந்த விதி இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 27ஆம் பிரிவாக இருக்கிறது. எழுத்தறியாத என் தந்தையார் பள்ளி வாயிலில் சொன்னதும் இலண்டனில் சட்டம் படித்தவர்கள் எழுதியதும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆசிரியரின் பிரம்புக்கு வலிமை தந்தது பெற்றோரின் இசைவு.

இனி, சட்டம் பெற்றோரை நோக்கித் திரும்பிய கதைக்கு வருவோம். 1911இல் கோபால கிருஷ்ண கோகலே அன்றைய இந்தியச் சட்டமன்றத்தில் தொடக்கக் கல்வி மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். தேர்ந்தெடுத்த பகுதிகளில் ஆறு முதல் பத்து வயது வரையுள்ள சிறுவர்களைப் பள்ளிக்கு அனுப்புவது பெற்றோரின் கடமை என்றும், தவறினால் அபராதம் என்றும் அது கூறிற்று. 1912இல் அது தோற்கடிக்கப்பட்டது. ஆனால், விதை வீண்போகவில்லை. 1920இல் சென்னை மாகாணத்தில் தொடக்கக் கல்விச் சட்டம் பிறந்தது. உள்ளாட்சி மன்றங்கள் அரசின் இசைவு பெற்றுத் தம் எல்லைக்குள் கட்டாயக் கல்வியைப் புகுத்த அது வழிசெய்தது. நெடுங்காலத்துக்குப் பின் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டமும் பிள்ளையை அனுப்பும் கடமையைப் பெற்றோர் மீதே வைத்தது. 2002இல் நிறைவேறிய அரசமைப்பின் 86ஆவது திருத்தம் கல்வியைக் குழந்தையின் அடிப்படை உரிமையாக்கியதோடு, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பு அளிப்பதைப் பெற்றோரின் அடிப்படைக் கடமையாகவும் எழுதி வைத்தது.

இத்தனை சட்டங்களும் சரியானவையே. ஆடு மேய்க்கவும் மாங்காய் பறிக்கவும் பிள்ளையை நிறுத்திக்கொண்ட வீடுகள் எங்கள் பக்கத்தில் ஏராளம். 1956இல் காமராசர் ஆட்சியில் விரிவடைந்த மதிய உணவுத் திட்டமே பலரைப் பள்ளிக்குள் இழுத்தது. நானும் அப்படிப் போனவர்களில் ஒருவன். ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சட்டங்கள் எல்லாம் பெற்றோரைப் பார்த்து, "அனுப்பு" என்றன. அனுப்பப்பட்ட பிள்ளை மாலையில் பத்திரமாகத் திரும்பி வருவதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி வெகுகாலம் கேட்கப்படவே இல்லை.

அந்தக் கேள்வி எழுந்த நாள் 2004ஆம் ஆண்டு ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணம் காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள் நெருக்கமாக இயங்கி வந்தன. அன்று முற்பகலில், பிள்ளைகளுக்கு மதிய உணவு சமைக்கும் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. தீ மேல்மாடியின் கூரைக்குத் தாவிற்று. அங்கும் கீற்றுத்தான். கீழே இறங்கும் படியோ குறுகலானது. 94 குழந்தைகள் மாண்டார்கள். பெரும்பாலோர் தொடக்க வகுப்புப் பிள்ளைகள்.

அந்தப் பெற்றோர் செய்த பிழை என்ன? சட்டம் அனுப்பச் சொன்னது, அனுப்பினார்கள். பள்ளியில் சோறு கிடைக்கும் என்று நம்பினார்கள்; அந்தச் சோற்றுக்காக மூட்டிய அடுப்பிலிருந்துதான் தீ எழுந்தது. நீதிபதி சம்பத் ஆணையம் இந்தக் கொடுமையை விசாரித்தது. பத்தாண்டுகள் கழித்து, 2014 ஜூலை 30 அன்று, தஞ்சாவூர் நீதிமன்றம் பள்ளி நிறுவனர் முதல் கல்வித்துறை அலுவலர்கள் வரை பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது, பதினொருவரை விடுவித்தது. 2017இல் உயர்நீதிமன்றம் மேல்முறையீட்டில் தண்டனைகளைக் குறைத்தது.

சிறைத் தண்டனையைக் காட்டிலும் நெடுங்காலம் நிற்கப்போவது வேறொரு தீர்ப்பு. கும்பகோணத்துத் தீயை முன்வைத்துத் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் உச்சநீதிமன்றம் 2009 ஏப்ரல் 13 அன்று, கல்வி பெறும் உரிமை என்பதற்குள் பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமையும் அடங்கும் என்று கூறிற்று. தீயணைப்புக் கருவியும் கட்டட விதியும் இல்லாத பள்ளி உரிமத்துக்கு உரியதன்று என்ற நிலை அதன்பின் உறுதிப்பட்டது. "அனுப்பு" என்று பெற்றோரிடம் சொன்ன அரசு, "காப்பேன்" என்று எழுதிக் கொடுத்தது அன்றுதான் எனலாம்.

எழுதிக் கொடுத்ததனாலேயே எல்லாம் நடந்துவிடுவதில்லை. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே, பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சாலையில் விழுந்து மாண்டாள். உயர்நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் பள்ளி வாகனங்களுக்கெனத் தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. ஆண்டுதோறும் பள்ளி திறப்பதற்கு முன் அதிகாரிகள் பேருந்துகளை வரிசையாக நிறுத்திச் சோதிப்பதை நீங்கள் செய்தித்தாளில் பார்க்கிறீர்கள் அல்லவா? அந்தச் சோதனைக்குப் பின்னால் ஒரு சிறுமியின் உயிர் இருக்கிறது.

இனிப் பிரம்புக்கு வருகிறேன். இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

1980களில் என் மகனைப் பள்ளியில் சேர்த்தபோது, என் தந்தையார் சொன்ன அதே வாசகத்தை நானும் சொன்னேன். நான் படித்தவன், வரலாறு கற்றவன், ஆயினும் சொன்னேன். அவன் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு மாலை, காது வீங்கி வந்து நின்றான். ஆசிரியர் அறைந்தார் என்றான். "நீ என்ன செய்தாய்?" என்பதுதான் என் முதற் கேள்வி. அவன் விடை சொல்லத் தயங்கினான். அந்தத் தயக்கத்தையே குற்றமாக வைத்து நானும் ஓர் அடி கொடுத்தேன். இரவில் என் மனைவி அவன் காதில் வெந்நீர் ஒற்றடம் கொடுத்தபோது நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். வீக்கம் நான்கு நாளில் வடிந்துவிட்டது. ஆனால், அதன்பின் பள்ளியில் நடந்த எதையும் அவன் என்னிடம் சொன்னதே இல்லை, நல்லதையும் சொல்லவில்லை. அவன் படிப்பை முடித்து ஓசூரில் வேலைக்குப் போகும்வரை இந்த நிலை நீடித்தது. கேட்கமாட்டேன் என்று ஆசிரியரிடம் நான் கொடுத்த வாக்கைப் பிள்ளையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான் என்பது எனக்குப் பின்னாளில்தான் விளங்கிற்று.

சட்டம் என்னைவிட வேகமாகத் திருந்திற்று. தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் பிரம்படிக்கு இருந்த இடம் 2003இல் நீக்கப்பட்டது. 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, குழந்தையின் உடலை வருத்துவதையும் மனத்தை வருத்துவதையும் ஒருங்கே தடைசெய்தது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தப் பிரிவு பெற்றோரின் இசைவு உண்டா இல்லையா என்று கேட்கவே இல்லை. தந்தையே கைகூப்பி நின்று தோலை உரிக்கச் சொன்னாலும் ஆசிரியர் உரிக்கலாகாது. நம்மிடம் இல்லாத ஒன்றை நாம் பிறருக்குக் கொடுக்க இயலாது அல்லவா? பிள்ளையின் தோல் பிள்ளையுடையதே என்று சட்டம் முடிவு செய்துவிட்டது. நம் பழைய வாசகம் அன்றோடு செல்லாக்காசாயிற்று.

அதற்கு ஈடாகச் சட்டம் வேறொன்றைக் கொடுத்திருக்கிறது. அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். கட்டடம், குடிநீர், கழிப்பறை, சமையற்கூடம், சுற்றுச்சுவர் ஆகிய எல்லாவற்றையும் அக்குழு பார்க்கலாம், கேட்கலாம். திண்ணையோடு போய்விட்ட தெருவின் பார்வை சட்டத்தின் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. தனியார் சுயநிதிப் பள்ளிக்கு இந்த விதி இல்லை. ஆயினும், பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்க உதவியாளர் உண்டா, மாடியிலிருந்து இறங்க இரண்டாவது வழி உண்டா என்று கட்டணம் கட்டும் தந்தை கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

கேட்பதன் அருமையை எங்கள் மாவட்டம் அண்மையில் கண்ணீரோடு கற்றது. 2024 ஆகஸ்டில் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில், தேசிய மாணவர் படை முகாம் என்ற பெயரில் மாணவியரை இரவிலும் பள்ளியிலேயே தங்கவைத்தார்கள். அந்தப் பள்ளியில் அப்படையின் பிரிவே இல்லை, முகாம் போலியானது. அங்கே சிறுமி ஒருத்தி பாலியல் கொடுமைக்கு ஆளானாள் என்று வழக்குப் பதிவாயிற்று. முகாமை நடத்தியவரோடு, செய்தி தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் மறைத்தார்கள் என்ற குற்றச்சாட்டின்பேரில் பள்ளிப் பொறுப்பில் இருந்தவர்களும் கைதானார்கள். அரசு சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. சீருடையையும் முகாம் என்ற சொல்லையும் கண்டால் நம்பிவிடுவது நம் எல்லோருக்கும் இயல்பு. ஆகவே அந்தப் பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. ஆனால், அந்தச் செய்தி வெளிவந்தது எப்படி? சிறுமி வீட்டில் வாய்திறந்து சொன்னாள்; வீட்டார் காதுகொடுத்துக் கேட்டார்கள். அந்த வீட்டை நினைக்கும்போது, காது வீங்கி வந்து நின்ற என் மகனையும் நான் நினைத்துக்கொள்கிறேன்.

இங்கே பெற்றோர் கட்டாயம் அறிய வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, இத்தகைய குற்றம் நடந்தது என்று அறிந்த எவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுகிற எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. எவரும் என்றால் ஆசிரியர் மட்டும் அல்லர். தாயும் தந்தையும்கூட அடங்குவர். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் தலைவர் தம் கீழுள்ளவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. "வெளியே தெரிந்தால் குடும்பத்துக்கு அவமானம்" என்று பேசி முடித்துக்கொள்ளும் உரிமை பெற்றோருக்கு இல்லை. அவமானத்துக்கு அஞ்சுவோருக்கும் சட்டம் துணை நிற்கிறது. குழந்தையின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடலாகாது. வாக்குமூலம் வாங்கக் காவலர் சீருடையின்றிக் குழந்தையின் வீட்டுக்கே வரலாம். இரவில் எக்காரணத்துக்காகவும் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைக்கலாகாது. யாரிடம் சொல்வது என்று திகைப்பவர்கள் 1098 என்ற எண்ணைச் சுழற்றலாம். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417.

பெற்றோரின் பொறுப்பு பள்ளி வாயிலுக்கு வெளியிலும் உண்டு. எங்கள் பக்கத்தில் ஓசூர் ஆலைகளுக்கும் பெங்களூருக்கும் விடியுமுன் வேலைக்குப் போகும் பெற்றோர் மிகுதி. வீட்டில் மோட்டார் சைக்கிள் இருக்கும், பேருந்து இருக்காது. பத்தாம் வகுப்புப் பையன் தங்கையையும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் பறப்பான். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 199-ஏ பிரிவு, இளஞ்சிறார் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால் காப்பாளரையே குற்றவாளியாக்குகிறது. மூன்றாண்டுச் சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு நீக்கம், பையனுக்கு 25 வயது வரை உரிமம் இல்லை. "அவனாகவே எடுத்துக்கொண்டு போய்விட்டான்" என்று சொல்லித் தப்புவது எளிதன்று. நமக்குத் தெரியாது என்று மெய்ப்பிக்கும் சுமை நம்முடையது.

இவ்வளவும் கேட்ட பிறகு, ஆசிரியரையெல்லாம் ஐயத்தோடு பார்க்கச் சொல்கிறேனோ என்று சிலர் எண்ணலாம். இல்லை. நான் படித்ததே ஆசிரியர்களின் அன்பினால்தான். நல்ல ஆசிரியர் பெற்றோரின் கேள்வியை வரவேற்கிறார். நாற்பது பிள்ளைகளின் சுமையைத் தனியே தூக்குபவருக்கு நாற்பது வீடுகளின் துணை கிடைக்கிறது. கேள்வி கேட்டால் பிள்ளைக்கு மதிப்பெண் குறையுமோ என்ற அச்சம் இயற்கையே. கூலிவேலை செய்யும் தாய் தலைமையாசிரியர் அறை வாயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பதை இன்றும் காண்கிறேன். அதனால்தான் ஒருவராகப் போக வேண்டாம், பத்துப் பேராகக் குழுவில் உட்கார்ந்து கேளுங்கள் என்கிறேன். கும்பகோணத்துக் கூரையைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தால் பயன் இருந்திருக்குமோ, இராதோ. நூறு பேர் சேர்ந்து கேட்டிருந்தால் அந்தக் கீற்று அங்கே இருந்திராது என்பது என் நம்பிக்கை.

சில ஆண்டுகளுக்கு முன் என் பேத்தியை ஓசூரில் ஒரு பள்ளியில் சேர்க்க என் மகன் சென்றான். நானும் உடன் சென்றேன். இப்போது கையை வளைத்துக் காதைத் தொடச் சொல்வதில்லை. பிறப்புச் சான்றிதழைக் கேட்கிறார்கள். எழுத்து வேலையெல்லாம் முடிந்தபின், ஆசிரியை எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தார். வழக்கமான வாசகம் என் நாவின் நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் என் மகன், "அம்மா, இந்த மாடியில் தீப்பிடித்தால் பிள்ளைகள் எந்தப் பக்கம் இறங்குவார்கள்?" என்று கேட்டான். ஆசிரியை வியப்படைந்தார், ஆனால், கோபப்படவில்லை. எழுந்து எங்களை அழைத்துக்கொண்டு போய்ப் பின்புறப் படிக்கட்டைக் காட்டினார். படியின் முகப்பில் பழைய மேசைகளை அடுக்கியிருந்தார்கள். மறுநாள் அவற்றை அப்புறப்படுத்தி விடுவதாகச் சொன்னார்.

மறுநாள் மாலை என் மகன் மீண்டும் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். மேசைகள் இல்லை என்று என்னிடம் சொன்னான். பள்ளியில் நடந்த ஒன்றை அவனாகவே என்னிடம் வந்து சொன்னது, ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.